வகுபடாத எண்

“தூங்கினியோ, தோலை உரிச்சுருவேன்! பத்தாயிரத்து ஏழு, பதின்மூணால வகுபடுமா?” யோகராஜ் அதட்டினார்.

“மிச்சம் பத்துப்பா,” என்றாள் மகள் தனுஜா ஈனக்குரலில்.

“பதினேழால?”

“முடியலப்பா. தூக்கமா வருது.”

“புள்ளைக்குக் கொரலே அடங்கிப்போச்சுங்க,” என்று மனைவி ஜெயம்மா விம்மினாள்.

“நீ சும்மா இரு! தனுஜா, எதாலயாவது வகுபட்டாத்தான் தூங்க விடுவேன்.”

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது.

“அப்பா, இது முதன்மை எண். எதாலயும் வகுபடாது. தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?”

றக்வான மழையில் சரிந்த மலை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தையே தனுஜாவோடு மூடியிருந்தது. மம்பட்டிக்காரர்கள் இன்னும் பாதி மண்ணைக்கூட அள்ளவில்லை. யோகராஜ் சேற்றில் குப்புறப் படுத்து, கூரைத் தகரத்தின் இடுக்கில் வாயை வைத்தார்.

“ஆமா தாயி. தூங்கிறாத. இன்னொன்னு தாரேன், இதவிடப் பெரிசா.”