ஏழாவது நிறுத்தம்

கம்பத்தில் அப்துல் அஜீஸ் நடத்தும் ஆன்லைன் ஏலக்காய் ஏலத்துக்கு மொத்தம் ஆறு சர்வர்கள். வியாபாரிகள் எல்லாரும் ஒன்றிலேயே போய் விழாமல், ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட ஒரு லோட் பேலன்சர்.

சர்வர்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் இருந்த காலத்தில், மக்கர் பண்ணிய மூன்றை நிறுத்துகிறேன் பேர்வழி என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கை நிறுத்தித் தொலைத்தான் அங்கே வேலை பார்க்கும் ஸ்டீவன். அன்றைக்கு ஏலமே படுத்துவிட்டது. அதன்பிறகுதான் கூட வேலை பார்க்கும் ஷெரின் மண்டையைக் குடைந்து ஊர்ப் பெயர்களாக வைத்தாள். வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். இந்தப் பக்கத்து ஆட்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இன்று காலை சர்வர் பட்டியலில் ஏழு பெயர் இருந்தது. கடைசியில் பொட்டிப்புரம்.

ஷெரின் சும்மா விடவில்லை. நோண்டிப் பார்த்தாள். வியாபாரிகள் கேட்கும் விலை அத்தனைக்கும் ஒரு நகல் ரகசியமாக அங்கே போய்க்கொண்டிருந்தது. அடுத்தவன் விலை முன்கூட்டியே தெரிந்தால், கொஞ்சம் கூட்டிக் கேட்டு நல்ல காயை எல்லாம் அள்ளிவிடலாமே! விஷயம் வெளியே வந்தால் முதலில் கம்பி எண்ணப்போவது சர்வர்களுக்குப் பொறுப்பான அவள்தான்.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், ஸ்டீவன், முதலாளி. முதலாளிக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பவே பக்கத்தில் ஆள் வேண்டும். ஸ்டீவனோ போன வாரம்தான் புது பைக் எடுத்திருந்தான்.

நேராக முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அடப்பாவி! யாவாரிக எல்லாரும் நம்மள நம்பித்தான வந்தாக?” என்று பதறினார் அஜீஸ். “அதுசரி, நீ எப்படித்தா கண்டுபிடிச்ச? அதுவும் ஊர்ப் பேருதான?”

“தேனியிலேருந்து கம்பம் வர்ற பஸ் பொட்டிப்புரம் போகாதுல்ல முதலாளி. நான் பஸ் நிக்கிற வரிசையிலதான் பேரு வச்சேன்.”

“ஓஹோ! அப்ப ஒங்க ஊரு அனுமந்தன்பட்டிய விட்டுட்டியே ஆத்தா? அங்கனயும் பஸ் நிக்குமே?”

“சொந்த ஊருப் பேர நாமளே வச்சா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்.”

அஜீஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்போதே ஸ்டீவனைக் கூப்பிட்டு, ஆபீஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். பாவம், அவன் முழித்த முழியைப் பார்க்க முடியவில்லை.

“மொதல்ல அந்தப் பொட்டிப்புரத்த அழிச்சுரு. பாஸ்வேர்ட மாத்து. இனி அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும். வெளிய மூச்சு விட்றாத.”

ஷெரின் அப்படியே செய்தாள். புது பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி முதலாளி கையில் கொடுத்தாள். முதலாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை பட்டியலில் மறுபடியும் ஏழு பெயர்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, பஸ் நிற்கிற வரிசை இம்மியும் பிசகாமல் வந்து நின்றது, அனுமந்தன்பட்டி.