ஈரத்தில் பதினெட்டு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கி, முகம் மழித்து, இரண்டு தம்ளர் தேநீர் போட்டு ஒன்றை மாமனாரிடம் நீட்டினான். ஊசல் கருவியின் ரப்பர் பாதத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"வேலைக்குக் கிளம்பியாச்சா? நல்லது தம்பி, மனசு மாறும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

தரை வழுக்குமா என்று சோதித்துச் சான்று கொடுப்பது அவன் வேலை. ஆனால் இன்று போவது வேலைக்கு அல்ல. போன மாதம் அவன் மனைவி வழுக்கி விழுந்து இறந்த வணிக வளாகத்துக்கு.

"அந்தத் தரையப் பாஸ் பண்ணினவன் எவனோ, அவனுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு?" பஸ்ஸில் மாமனார் நாலாவது முறையாகக் கேட்டார். "நீங்க அளந்து ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை. அவனைக் கோர்ட்டுல நான் பாத்துக்கறேன்."

"சரி மாமா."

நுழைவாயிலில், அவள் விழுந்த இடத்திலேயே கருவியை நிறுத்தி மட்டம் பார்த்தான். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கல். மாமனார் அதை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி வந்து நின்றார். "தரைக்கு எக்ஸ்ரே எடுக்கறாங்கடா" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே ஒரு பெண் கடந்து போனாள்.

அவன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் தெளித்தான். காவலாளி அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு கருவியைப் பார்த்தார்.

"போன தடவை சோதிச்சப்ப தண்ணி தெளிக்கலையே சார்?"

அவன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். அந்தப் பேச்சை மாமனார் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா! காஞ்ச தரையத் தேச்சுப் பாத்துட்டுப் போயிருக்கான். பூனையக் கட்டிப் போட்டுட்டு, பால் பத்திரமா இருக்குன்னானாம்!"

ஊசலை விட்டான். ரப்பர் கல்லை உரசிக்கொண்டு மேலே போயிற்று. முள் முப்பத்தாறைத் தொட்டால் பயமில்லை; குறையக் குறைய வழுக்கும். ஐந்து தடவை விட்டான். ஐந்து தடவையும் பதினெட்டு.

"கொலைகாரப் பய" என்றார் மாமனார். "சர்டிபிகேட்டு மேல ஆபீஸ்ல இருக்காம். கையெழுத்து யாருதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."

படியில் கால் வைத்தவர் நின்று திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"மாப்பிள்ளை... கடைசியா அவ 'அப்பா'ன்னுதானே கூப்பிட்டா?"

"ஆமா மாமா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவன் கருவியின் முன் குந்தியபடியே இருந்தான்.

அவள் விழுந்த அன்று மழை. வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "ஓடாத, மெதுவாப் போ" என்றான். அவள் ஓடிக்கொண்டே திரும்பிச் சிரித்தாள்.

"நீங்க பாஸ் பண்ணின தரைதானே, வழுக்கவா போகுது?"