எழுபத்திரண்டு பாயிண்ட் 'ப'

அச்சுக்கடை மேசையில ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் கிடந்துச்சு. அப்பதான் அச்சாகி வந்த நோட்டீஸ்ல, எழுபத்திரண்டு பாயிண்ட் எழுத்தளவுல போட்ட 'ப' தனியா நின்னுச்சு. ஸ்கேல் அது மேல ஏறிப் படுத்து அளந்துச்சு.

"எழுபத்திரண்டு பாயிண்ட்னா ஒரு இஞ்ச். நீ முக்கால் இஞ்ச்கூட இல்லையே! யாரை ஏமாத்துற?"

"மையை மட்டும் அளந்தா அப்படித்தான் வரும். என் தலைக்கு மேல 'ப்' புள்ளி வைக்க இடம், கீழ 'பு' கால் நீட்ட இடம். எல்லாம் சேர்ந்துதான்யா ஒரு இஞ்ச்."

"இப்ப அங்க யாருமே இல்லையே? சும்மா கிடக்குற இடம்." ஸ்கேல் கத்திரிக்கோலைக் கூப்பிட்டுச்சு. "தம்பி, இவனை மேலயும் கீழயும் ஒட்ட வெட்டிரு."

கத்திரிக்கோல் வாயைத் திறந்துச்சு. 'ப' அசையல.

"தாராளமா வெட்டு. ஆனா சும்மா கிடக்குறதை வெட்டணும்னா முதல்ல இவரை வெட்டு. பூஜ்யத்துக்கு முன்னாடி கோடே இல்லாம ஒரு துண்டு, பன்னெண்டு இஞ்சுக்கு அப்புறம் இன்னொரு துண்டு. அங்க யாரு குடியிருக்கா?"

கத்திரிக்கோல் ஸ்கேல் பக்கம் திரும்புச்சு.

"ஆமாண்ணே. எந்த முனையில ஆரம்பிக்கட்டும்?"