கோச் வந்து சொல்லட்டும்

"பந்துக் கதை எண்டால் கோச் வந்து கதைக்கட்டும்!" என்று மனைவியிடம் கட்டளையிட்டிருந்தார் கிறிஸ்தோப்பர். அவர் 'ஏலாது' என்றால் ஜெர்மனியின் ஹம் ஸ்டேஷனில் ரயிலே புறப்படாது.

சனிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. கழுத்தில் விசிலோடு வந்த கோச் கதிரையில் அமர்ந்தார். கிறிஸ்தோப்பர் தானே தேநீர் ஊற்றினார்.

"ஹெர் கிறிஸ்தோப்பர், உங்கடை மகள் லவினியா கூடைப்பந்து விளையாடுற வீடியோவை அமெரிக்காவிலை இருக்கிற கொலிஜ் எல்லாத்துக்கும் அனுப்பினனான். ஒரு கொலிஜ் முழுப் புலமைப்பரிசில் தருது. நாளைக்குள்ளை பதில் சொல்ல வேணும்."

"பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விட ஏலாது, கோச்."

"அங்கத்தைய கோச்மாருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை தும்மவும் ஏலாது. லவினியாவின்ரை அம்மா என்ன சொல்லுறா?"

"அவவும் ரெண்டு மாசமா இதைத்தான் சொல்லுறா. அவவுக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?"

கோச் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து நகரமான டோர்ட்முண்ட் வரை கேட்டிருக்கும்.

"ஆனால் நீங்கள் கோச். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். பிள்ளை போகட்டும்!"

கோச் கைகுலுக்கி வெளியேறினார். கதவு மூடியது. அடுத்த நிமிடமே திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்த பேர்பெச்சுவா, கழுத்திலிருந்த அதே விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நல்ல நேரம் வந்தீர்," என்றார் கிறிஸ்தோப்பர் மனைவியிடம். "கோச் வந்திட்டுப் போறா. எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினவ! உமக்கும் அப்பிடிக் கதைக்கத் தெரிஞ்சால் எவ்வளவு நல்லது?"

பேர்பெச்சுவா விசிலை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டார்.

"ஹெர் கிறிஸ்தோப்பர், அந்தக் கோப்பையைக் கழுவுங்கோ."

"ஓம், கோச்!" என்று துள்ளி எழுந்தார் கிறிஸ்தோப்பர்.