அறுபது வரை

வீட்டுக்கே வந்திருந்த நர்ஸம்மா, தவமணியின் இளைய மகளின் இடக்கையில் தட்டம்மைத் தடுப்பு வில்லையை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். "ஸ்டிக்கர் பொட்டு மாதிரிதான். குட்டி மருந்து முள்ளெல்லாம் தோலுக்குள்ளயே கரைஞ்சிரும். அறுபது எண்ணும்மா."

தவமணி எண்ணினாள். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.

"தடுப்பூசிக்குச் சிரிக்கிற மொதப் புள்ள நீதான்டி!" என்றார் நர்ஸம்மா.

இரண்டு வருஷத்துக்கு முன் மூத்தவள் ஊசியைப் பார்த்ததும் வீறிட்டாள். அடுத்த மாசம் போட்டுக்கொள்ளலாம் என்று தவமணிதான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தடுப்பூசி முகாமிலிருந்து வந்துவிட்டாள். அடுத்த மாசத்துக்குள் தட்டம்மை வந்து பிள்ளையைக் கொண்டுபோனது.

அறுபது ஆனதும் நர்ஸம்மா வில்லையை உரித்தார். குப்பை போடும் மஞ்சள் டப்பாவைத் திறந்தார்.

"அதக் குடுங்க நர்ஸம்மா."

"இதுல இனி மருந்து இல்லம்மா. வெறும் தாளு."

"தெரியும்."

சுவரில் இருந்த படத்தில் மூத்தவள் கையில்லாத கவுன் போட்டு நின்றிருந்தாள். தவமணி கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அந்த இடக்கையின் மேல் வில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"அழாதடி, குத்தாது" என்றாள்.

பிறகு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். முப்பதில் நின்றுவிட்டாள். மீதியை நர்ஸம்மா எண்ணினார்.