பதினான்கு வயதுக்கு உட்பட்டோர்

பதினோராம் செஸ் போர்டில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மட்டும் ஆதார் இல்லை.

மற்ற அறுபத்தோரு பேரும் அம்மா அப்பாவோடு, ஜெராக்ஸோடு வந்திருந்தார்கள். இவள் ஒன்பதரை மணிக்கு ஒற்றை ஆளாக வந்து நின்றாள். பாரத்தை அவளே நிரப்பினாள். நாகஜோதி. வயது 12. ஏழாம் வகுப்பு. சாயல்குடிப் பக்கம் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம்.

“ஆதாரு ஹாஸ்டல்ல இருக்கு டீச்சர். பெறகு கொண்டாந்து தாரேன்.”

எந்த ஹாஸ்டல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் சேர்ந்தால் அறுபத்திரண்டு, ஜோடி சரியாக வரும். சேராவிட்டால் ஒரு பிள்ளை எதிராளி இல்லாமல் உட்கார வேண்டும். முதல் ரவுண்டு முடிவதற்குள் கார்டு வந்தாக வேண்டும் என்று அதட்டி உள்ளே அனுப்பினேன்.

எனக்கு செஸ் தெரியாது. நான் பி.டி. டீச்சர், விசில் ஊதத் தெரியும். வேலம்பாளையத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று தலைமையாசிரியை சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை. மூன்று வாரமாக போர்டு இரவல் வாங்கினேன், நடுவரைத் தேடிப் பிடித்தேன், சர்டிபிகேட் அடித்தேன், சத்துணவுக் கூடத்தில் பெஞ்சு இழுத்துப் போட்டு முதுகு போனதுதான் மிச்சம்.

ஆனால் எனக்கு வயசு பார்க்கத் தெரியும். இருபது வருடமாக ஓட்டத்திலும் கபடியிலும் வயசைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களை மணிக்கட்டைப் பார்த்தே பிடித்திருக்கிறேன். அனுசுயா டீச்சரிடம் பருப்பு வேகாது என்று மற்ற பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாகஜோதியின் மணிக்கட்டு பன்னிரண்டுதான் என்றது.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் யோசிக்கிற மாதிரியே தெரியவில்லை, சட்சட்டென்று காயை நகர்த்தினாள். எதிரே இருந்த பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவர் என்னிடம் வந்து, இந்தப் பிள்ளையைப் பார்த்து வையுங்கள் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது வாசலில் ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். பெயர் மயிலாள், பனியன் கம்பெனி ஹாஸ்டலில் வார்டன் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டி வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்திருக்கிறது. போட்டி நோட்டீஸ் முன்னால் அவள் வெகுநேரம் நின்றதாக இன்னொரு பிள்ளை சொன்னதாம்.

“ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சு போச்சுங்க. எங்க கம்பெனியில செக்கிங்ல வேல பாக்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

ஆதார் நகலில் இருந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். பதினெட்டு.

பக்கத்தில் இருந்த பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டா, என்று யாரோ சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. இத்தனை பேர் முன்னால் என்னையே ஒருத்தி ஏமாற்றிவிட்டாளே. மணிக்கட்டெல்லாம் அந்த நேரத்தில் மறந்து போயிற்று.

நேராகப் போய்க் கடிகாரத்தை நிறுத்தி அவளை எழுப்பினேன். சின்னப் பிள்ளைகளோடு ஆட வந்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கூடமே கேட்கக் கத்தினேன்.

அவள் அழவில்லை. என் மேசையில் அடுக்கி வைத்திருந்த சர்டிபிகேட்டுகளைப் பார்த்தாள். ‘14 வயதுக்குட்பட்ட மாணவியர்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, பெயருக்கு இடம் விட்டிருந்தது.

“ஆடாட்டியும் பரவால்ல டீச்சர். அதுல ஒண்ணு மட்டும் எம் பேரு எழுதித் தாங்க. புதன்கெழம ஒருத்தவுககிட்ட காட்டணும்.”

என்ன நெஞ்சழுத்தம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் பாரத்தை எடுத்து, ‘ஆதாரின்படி வயது 18. தகுதியில்லை’ என்று சிவப்பு மையில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பள்ளி முத்திரையை மேசை அதிரக் குத்தினேன்.

மயிலாள் அந்தத் தாளை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இது எங்களுக்கு வேணுங்க டீச்சர். புதன்கெழம எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. சின்னப் புள்ளைங்க இருக்குதான்னு ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. ஆதார் பத்தாது, வேற பேப்பர் காட்டுங்கம்பாங்க. உங்க சீலு இருந்தா அப்பறம் பேச்சே இல்லீங்க.”

புதன்கிழமை.

வயசைக் கூட்டி ஆதார் வாங்கிப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதைப் பற்றிக் கேள்விப்படாதவளா நான்? குறைத்துக்கொண்டு வருபவர்களையே தேடித் தேடிப் பழகிவிட்டேன். இந்தப் பிள்ளை தன் சொந்த வயசுக்கு ஒரு சாட்சி கேட்டு என்னிடம் வந்திருக்கிறது.

தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். இப்போதுதான் ஊர் கேட்கக் கத்தியிருந்தேன். அதே வாயால் நான்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

முத்திரை மடிப்பில் விழாதபடி பார்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மயிலாள் முன்னால் நடந்தார்.

நாகஜோதி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். மேசைமேல் குனிந்து, வார்டனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அடுத்த வருசமும் நடத்துவீகளா டீச்சர்? அப்பவும் எனக்குப் பதிமூணுதான் ஆகும்.”