மாப்பிள்ளையின் தொண்ணூற்றெட்டு

வகுப்பின் சராசரிதான் ஆசிரியரின் மதிப்பெண் என்று சட்டம் வந்தபிறகு, பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். கணக்கு டீச்சர் எழில்நங்கைக்கு அறுபத்தொன்று. அதனாலேயே நான்கு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

ஐந்தாவதாக வந்த திருமாறனும் கணக்கு வாத்தியார்தான். அவனுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தப் பெருமை அவன் அம்மாவின் முகத்தில் வழிந்தது.

“பேப்பரை நீதானேம்மா திருத்துறே? ஆளுக்கு இருபது மார்க் கூடப் போட்டா என்ன குறைஞ்சு போச்சு?”

பேசாமல் இருக்கும்படி எழில்நங்கையின் அம்மா ஜாடை காட்டினாள். வாயைத் திறந்தால் இந்த வரனும் போய்விடும் என்று எழில்நங்கைக்கும் தெரியும். ஆனாலும் திறந்தாள்.

“போட்டிருந்தா யாருக்கு வகுத்தல் வரலைன்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும் அத்தை. இப்போ தெரியும், பதினொரு பேர். சாயங்காலம் உட்கார வச்சுச் சொல்லித்தரேன்.”

திருமாறனின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உட்காரும்மா,” என்றான் திருமாறன். “என் வகுப்புல எத்தனை பேருக்கு வராதுன்னு கேளு.”

“எத்தனை பேருக்குடா?”

“தெரியாது.” அவன் எழில்நங்கையைப் பார்த்தான். “என் வகுப்புப் பசங்களையும் சாயங்காலம் கூட்டிட்டு வரலாமாங்க?”

“வாங்க. அவங்க பரீட்சைப் பேப்பரையும் எடுத்துட்டு வாங்க,” என்றாள் அவள். “முதல்ல அதை நான் திருத்தணும்.”